பரணில் உறங்கும் படச்சுருள்கள்

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்ல என்ன இருக்கிறது? சில வீடுகளில் பரண்மீது கிடக்கும் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதனுள் சினிமாப் படச்சுருள்கள் இருக்கின்றன.

1932 ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் 8 மில்லிமீட்டர்ப் படச்சுருளை வெளியிட்டது. 1965 இல் சூப்பர் 8 வந்தது. வசதி படைத்த குடும்பத்தார் சிறு காமிராவை வாங்கித் திருமணத்தையும் திருவிழாவையும் குழந்தையின் தளர்நடையையும் படம் பிடித்தனர். 50 அடிச் சூப்பர் 8 சுருளில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியான காட்சியே அடங்கும். ஆயினும் மறைந்த பாட்டி நடப்பதையும் சிரிப்பதையும் அந்த மூன்று நிமிடத்தில் காணலாம். அசையாத புகைப்படம் அதைக் காட்டுமா?

இச் செல்வத்திற்குப் பகை நம் நாட்டு வெப்பமும் ஈரமுமே. சுருளின் அடித்தளம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பொருளால் ஆனது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதைந்து அசெடிக் அமிலத்தை வெளிவிடும். வெளிப்பட்ட அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். அசெடிக் அமிலந்தான் வினிகருக்குப் புளிப்பைத் தருவது. ஆகவே கெடத் தொடங்கிய சுருளில் வினிகர் நெடி வீசும். 1948 இல் செல்லுலோஸ் டிரை அசிட்டேட் படச்சுருள் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் இச் சிதைவைப் பற்றிய முதல் முறையீடு கோடாக்கிற்கு இந்திய அரசிடமிருந்தே சென்றது!

நெடி வந்தால் என்ன செய்வது? முதலாவது, அச் சுருளை மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வையுங்கள்; அதன் ஆவி மற்றவற்றையும் தாக்கும். இரண்டாவது, ஆவலால் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சிதைந்த படம் சுருங்கியிருக்கும். ஓரத் துளைகளின் இடைவெளி மாறியிருப்பதால் எந்திரத்தின் பல் படத்தைக் கிழித்துவிடும். மூன்றாவது, பல்லின்றி உருளைகளால் படத்தை நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பதிவு செய்யும் ஸ்கேனர் வைத்திருப்போரிடம் கொடுங்கள். சுவரில் ஓட்டிக் கைப்பேசியால் படம் பிடிப்பது அதற்கு ஈடாகாது.

டிஜிட்டல் பிரதி கிடைத்ததும் மூலச் சுருளை எறிந்துவிடலாகாது. வன்தட்டு ஒரு நாள் பழுதாகும். நாளை இன்னும் சிறந்த ஸ்கேனர் வரும். எனவே பிரதிகள் மூன்று செய்து, ஒன்றை வேறோர் ஊரில் வையுங்கள். மூலத்தைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் காப்பாற்றுங்கள்.

இவை யாவும் எந்திரம் செய்யும் வேலை. எந்திரத்தால் ஆகாத வேலை ஒன்றும் உண்டு. வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை பேசாப் படங்கள். பந்தியில் பரிமாறுகிறவர் யார்? திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் எந்த ஊர்? இதைச் சொல்லக் கூடியவர் இன்று குடும்பத்தில் இருவரோ மூவரோதாம் இருப்பர். பிரதியை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லுவதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பெயர் தெரியாத முகங்கள் அடுத்த தலைமுறைக்கு வெறும் அயலாரே.

நண்பர்களே! தொலைவில் படிக்கும் நாம் விடுமுறைதோறும் ஊர் செல்லுகிறோம். இம்முறை பரணில் ஏறிப் பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் நெடி வீசினால் காலம் குறைவு என்று அறியுங்கள். வீசாவிட்டால், அது கெடுமுன் காக்க உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு என்று கொள்ளுங்கள்.