வார இறுதியில் ஒரு நகர்

"பிள்ளை படிக்கப் போனானா, ஊர் பார்க்கப் போனானா?" மேற்படிப்பின் பொருட்டு மகனையோ மகளையோ அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து வரும் புகைப்படங்களைப் பார்க்கும் பெற்றோர் பலர் தம்முள் இவ்வாறு கேட்டுக்கொள்வதுண்டு. இவ்வாரம் ஒரு மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன் நிற்கிறான். அடுத்த வாரம் ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறான். காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் பணம் அனுப்பிய வீட்டில் இக்கேள்வி எழுவது இயல்பே. கேள்வி நியாயமானது, ஆகையால் அதற்கு நியாயமான விடையும் கூறவேண்டும்.

2007 ஆம் ஆண்டு தொடக்கம் இரண்டாண்டுக் காலம் நான் பெல்ஜியத்தின் லூவேன் நகரில் முதுநிலைக் கல்வி பயின்றேன். 1425 இல் நிறுவப்பெற்ற பழம்பெரும் பல்கலைக்கழகத்தையுடைய நகர் அது. வெள்ளிக்கிழமை மாலை வந்ததும் உள்நாட்டு மாணவரெல்லாம் சில்லுப் பூட்டிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு, தாய்வீடு நோக்கிப் புகையிரத நிலையத்துக்கு விரைவர். கல் பதித்த வீதிகளில் அப்பெட்டிகளின் ஓசை ஓய்ந்ததும் ஊர் வெறிச்சோடிவிடும். எஞ்சுவோர் பெரும்பாலும் எம்போன்ற வெளிநாட்டாரே. ஞாயிறன்று கடைகளும் பூட்டியிருக்கும். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழும். அத்தகைய இரண்டு நாட்களை நான்கு சுவர்களுக்குள்ளே கழிக்கும் மாணவனை வீட்டு நினைவு வாட்டிவிடும். திங்கட்கிழமை விரிவுரையிலும் அவன் மனம் பொருந்தாது. ஆகவே வார இறுதிப் பயணத்தின் முதற்பயன் உள்ளத்தின் நலமே எனலாம்.

ஆயினும் பயன் அதனோடு முடிவதன்று. பெல்ஜியம் இலங்கையின் பரப்பிற் பாதிக்கும் குறைந்த சிறிய நாடு. காலையிற் புறப்பட்டு ஒரு நகரைப் பார்த்துவிட்டு இரவில் அறைக்குத் திரும்பலாம், தங்குமிடச் செலவில்லை. சனி, ஞாயிறுகளில் புகையிரதக் கட்டணத்திற் சலுகை இருந்தது. பாணும் பாற்கட்டியும் பழமும் பையில் இருந்தால் உணவுச் செலவும் சிறிதே. எத்தியோப்பியர் ஒருவர், வியட்நாமியர் ஒருவர், பெரு நாட்டு மாணவி ஒருத்தி, நான் என நால்வர் கூடி ஒரு வழக்கம் வகுத்துக்கொண்டோம். மாதத்தில் இரு சனிக்கிழமைகளில் மட்டுமே பயணம். ஒரு நாளுக்கு ஒரே நகர். புறப்படுமுன் அந்நகரைப் பற்றி ஒரு கேள்வி. விடை தேடுவதே அன்றைய வேலை.

புரூஜ் நகருக்குச் சென்றபோது, "இவ்வளவு செல்வம் கண்ட நகர் ஏன் பழைய கோலத்திலேயே நின்றுவிட்டது?" என்பது எங்கள் கேள்வி. ஐரோப்பிய வணிகத்தின் பெருஞ்சந்தையாய் ஒருகாலத்தில் விளங்கியது அந்நகர். அதனைக் கடலோடு இணைத்த ஸ்வின் என்னும் நீர்வழி மணல் படிந்து தூர்ந்தது, கப்பல்கள் வரவில்லை, வாணிகம் அன்ட்வேர்ப் துறைக்கு இடம்பெயர்ந்தது. மணிக்கோபுரத்தின் 366 படிகளை ஏறி உச்சியிலிருந்து நோக்கினால், கடல் எத்துணைத் தொலைவில் நிற்கிறது என்பது விளங்கும். ஒரு துறைமுகத்தின் வாழ்வும் தாழ்வும் பற்றிப் பாடநூலிற் பல பக்கங்கள் கூறுவதை அப்படிகள் ஒரு மணி நேரத்திற் கூறிவிட்டன.

அவ்வாணிகம் சென்றடைந்த அன்ட்வேர்ப் நகரில் 16 ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தோப் பிளான்டின் என்பார் நடத்திய அச்சகம் இன்று நூதனசாலையாக உள்ளது. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சுப்பொறிகள் இரண்டும், பெட்டி பெட்டியாக எழுத்துருக்களும் அங்குண்டு. ஐந்து மொழிகளில் விவிலிய நூலை அச்சிட்ட பெருமை அவ்வகத்துக்கு உரியது. ஏறத்தாழ அதே காலத்தில், 1578 இல், கொல்லத்தில் தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அந்த ஈயத் துண்டுகளைப் பார்த்து நின்றபோது, அச்சுக்கலை அக்காலத்தே நம் மொழியையும் தொட்டுவிட்டது என்ற செய்தி எனக்கு வெறும் ஆண்டுக் கணக்காகத் தோன்றவில்லை.

நகர்களைப் போலவே புகையிரதமும் எங்களுக்கு ஆசானாயிற்று. வடபகுதியில் டச்சும் தென்பகுதியில் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் இரண்டும் சமம். கிழக்கெல்லையில் ஜேர்மன் மொழியும் உண்டு. லூவேன் நிலையத்திற் பெயர்ப்பலகை 'லூயிக்' என்று காட்டும் நகர், வண்டி மொழியெல்லையைக் கடந்ததும் 'லியேஜ்' ஆகிவிடும். 'பேர்கன்' என்பதும் 'மோன்ஸ்' என்பதும் ஒரே ஊர். எல்லையைத் தாண்டியதும் வண்டியில் ஒலிக்கும் அறிவிப்பின் மொழியும் மாறும். இவ்வொழுங்கு எளிதில் அமைந்ததன்று. மொழிப் பூசலினால் 1968 இல் ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. லூவேன் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிளந்து, பிரெஞ்சுப் பகுதியினர் வேறிடத்திற் புதுநகர் அமைத்துக் குடியேறினர். நூலக நூல்களிற் பெருந்தொகை, ஒற்றையெண் ஒருவருக்கு, இரட்டையெண் மற்றவருக்கு என்று பங்கிடப்பட்டது. மொழிச் சட்டத்தினால் தலைமுறைகளின் வாழ்வே மாறிய நாட்டிலிருந்து சென்ற எனக்கு, அங்கே பிணக்கு இல்லை என்பது அன்று, பிணக்கினைச் சட்டத்தாலும் பேச்சாலும் தீர்க்க முயன்றனர் என்பதே பாடமாயிற்று.

பல நகர்களைப் பார்த்துத் திரும்பிய பின்னரே நான் வாழ்ந்த நகரைப் பார்க்கக் கற்றேன். ஈப்பர் என்னும் ஊரில், முதலாம் உலகப் போரில் இடிந்த துணி மண்டபம் பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பெற்று 1967 இல் முற்றுப்பெற்றதென அறிந்தோம். கல்லறையின்றி மறைந்த ஏறத்தாழ 55,000 வீரரின் பெயர் பொறித்த மெனின் வாயிலில், இந்தியப் படைவீரர் பெயர்களையும் வாசித்தோம். அதன்பின் லூவேன் திரும்பி, நாள்தோறும் நான் கடந்து சென்ற பல்கலைக்கழக நூலகத்தை நிமிர்ந்து நோக்கினேன். 1914 ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மன் படையினர் இட்ட தீயிற் பழைய நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 300,000 நூல்கள் சாம்பராயின. அமெரிக்க மக்கள் திரட்டிய நிதியால் 1928 இற் புதிய நூலகம் எழுந்தது. பொருளுதவிய அந்நாட்டுப் பாடசாலைகளின் பெயர்கள் அதன் கற்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. 1940 இல் அதுவும் எரிந்தது, மீண்டும் கட்டினர்.

1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை எண்ணாமல் அக்கற்களின் முன் நிற்றல் எனக்கு இயலவில்லை. அங்கும் கட்டடம் மீண்டும் எழுந்தது. ஆயின் எரிந்த ஏட்டுச் சுவடிகள் இரு நகரிலும் மீளவில்லை. கட்டடத்தை மறுபடி கட்டலாம். படியில்லாத ஏட்டை மறுபடி எழுத இயலாது. வீடுகளிலும் மடங்களிலும் எஞ்சிக் கிடக்கும் ஏடுகளையும் பழந்தாள்களையும் இன்றே படியெடுத்துக் காக்கவேண்டும் என்று நான் மாணவருக்கு ஓயாது சொல்லிவருவது அந்த நூலக வாயிலிற் கற்றதே.

அயல்நாடு செல்ல இருக்கும் மாணவருக்குச் சில சொற்கள். பரீட்சைக் காலத்திற் பயணம் வேண்டாம். இரண்டு நாளில் நான்கு நகர்களைத் தொட்டு எண்ணிக்கை கூட்டுவதிற் பயனில்லை. ஒன்றை நடந்து பாருங்கள். திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தைப் புறப்படுமுன்னரே குறித்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டு மாணவரோடு செல்லுங்கள். ஒரே நகரை நால்வர் நான்கு விதமாய்க் காண்பர். இரவில் உறங்குமுன் ஒரு பக்கமாவது எழுதிவையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த புகைப்படம் வரும்போது, "எவ்வளவு செலவாயிற்று?" என்பதோடு, "அந்த ஊரில் என்ன அறிந்தாய்?" என்றும் கேளுங்கள். அதற்குப் பிள்ளை ஒரு பக்கம் எழுதி அனுப்புவானாயின், பயணச்சீட்டுப் பணம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.