அடியில்லாக் கிணறா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., புவியியல்)

யாழ்ப்பாணத்தில் புத்தூருக்கு அருகே நிலாவரை என்றொரு கிணறு உண்டு. "அதற்கு அடியே இல்லை" என்று மக்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தனர். இராவணனை வென்று திரும்பிய இராமபிரான், வானரப் படையின் தாகம் தீர்க்க அம்பெய்து உண்டாக்கினான் என்பது அங்கே வழங்கும் கதை. கதையின் சுவை ஒருபுறம் இருக்கட்டும். நிலம் கூறும் கதை என்ன என்று காண்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆயினும் அங்கே வெங்காயமும் புகையிலையும் செழித்து விளைகின்றன. காரணம், அந்நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெடிப்பு சுரங்கமாகிறது, சுரங்கம் குகையாகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்தால் மேலே பெரும் பள்ளம் தோன்றும். நிலாவரை இவ்வாறு உண்டான பள்ளமே. இதே வகை நிலமுள்ள அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 1981 மே மாதம், வின்டர் பார்க் நகரில் திடீரெனத் தோன்றிய பள்ளம் ஒரு வீட்டையே விழுங்கிவிட்டது!

பாறைக்குள் ஓடும் இந்நீர் கடற்கரையில் ஊற்றாக வெளிப்படுவதும் உண்டு. குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலையில், அலை மோதும் இடத்துக்கு அருகிலேயே நன்னீர்க் கேணியில் மக்கள் நீராடுகின்றனர்.

அப்படியானால் நிலாவரைக்கு அடி உண்டா? உண்டு. ஆழம் 150 அடிக்கு மேல், அவ்வளவுதான். உண்மையான வியப்பு வேறொன்று. மேலே உள்ள நீர் நன்னீர். ஆழத்தில் இருப்பது உப்புநீர்! நன்னீர் இலேசானது, ஆகவே பாறைக்குள் புகுந்த கடல்நீரின்மேல் அது மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர் ஆய்வில் ஒரு பொதுக் கணக்கு. இதை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். நாம் இறைத்து மேல்மட்டத்தை 1 அடி குறைத்தால், உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறி வரும்!

"இறைத்த கிணறு ஊறும்" என்பது நம் பழமொழி. துலாவும் கவலையும் கொண்டு இறைத்த காலத்தில் அது முற்றிலும் பொருந்தியது. மனிதனும் மாடும் களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறிக்கொள்ளும். பம்பு செட்டுக்குக் களைப்பு ஏது? சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடிநீரை அளவின்றி இறைத்ததால், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. அங்கே இருப்பது சுண்ணாம்புப் பாறையன்று, ஆற்று மணல். ஆனால் விதி ஒன்றே.

என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்த 40 அடிக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால், கிணற்றை ஊறவிட்டு இறைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். கணக்கைப் படித்த நாம் அதை மறக்கலாமா?

நண்பர்களே! வாய்ப்புக் கிடைத்தால் நிலாவரையைக் கண்டு வாருங்கள். அதன் நீலநிற நீரைப் பார்க்கும்போது, அடியில்லாக் கிணறு உலகில் எங்கும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.