வெப்பநாட்டுத் தோட்டமும் வெட்டுத்துண்டும்

விதையின்றி மரம் உண்டாகுமோ என்று ஐயுறுவோர்க்கு யாழ்ப்பாணத்து வேலிகளே விடை கூறும். மாரி தொடங்கும் ஐப்பசியில் கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் தடிகளை வெட்டிக் கதியாலாக நடுவது அங்கு நெடுங்கால வழக்கம். சில வாரங்களில் அத்தடிகள் துளிர்விட்டு உயிர்வேலியாகின்றன. அவற்றின் குழை ஆட்டுக்கு உணவாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் பயன்படுகின்றது. முருங்கையும் மரவள்ளியும் இவ்வாறே தடியிலிருந்து பிறப்பவை.

கதியால் நடுவதில் வல்லவர்களே செவ்வரத்தையையோ மல்லிகையையோ வெட்டி நடும்பொழுது பெரும்பாலும் தோல்வியடைகின்றனர். பத்துத் துண்டு நட்டால் எட்டுக் கருகிவிடுகின்றது. கைராசி இல்லை என்று மனம் தேறிக்கொள்வோரும் உளர். உண்மையில் இது கைராசியைப் பொறுத்ததன்று; நீரைப் பொறுத்தது. பருத்த கதியாலில் நீரும் மாப்பொருளும் நிறைய உண்டு. வெட்டி நடும்பொழுது அதில் இலையும் இல்லை. மெல்லிய பூங்கொப்பின் நிலை வேறு. தாய்ச்செடியிலிருந்து பிரிந்த கணமே அதற்கு நீர் வரும் வழி அடைபட்டு விடுகின்றது. இலைகளோ ஆவியுயிர்ப்பினால் நீரை இழந்துகொண்டேயிருக்கின்றன. வேர் தோன்றுமுன் நீர் தீர்ந்துவிட்டால் கொப்பு இறந்துபடும். ஆகவே தோட்டஞ் செய்வோன் ஆற்றும் பணியெல்லாம் வேர் வரும்வரை அந்த நீரைக் காத்துக் கொடுப்பதேயாம்.

வெட்டுவாயில் நிகழ்வது யாது? முதலில் அங்குள்ள கலங்கள் பெருகி மூடுபடை என்னும் தடித்த திசுவை உண்டாக்கிக் காயத்தை ஆற்றுகின்றன. பின்னர்ப் பட்டைக்கு உட்புறத்தேயுள்ள மாறிழையத்தின் அருகிலிருந்து வேர்முளைகள் வெளிப்படுகின்றன. இதனைத் தூண்டுவது ஒட்சின் என்னும் ஓமோன். தளிரிலும் இளவிலையிலும் உண்டாகும் இப்பொருள் தண்டு வழியே கீழ்நோக்கி இறங்கி அடிமுனையிற் சேர்கின்றது. கொப்பைத் தலைகீழாக நட்டால் செவ்வனே வேரூன்றாமைக்கு இதுவே காரணம். 1928இல் நெதர்லாந்து அறிஞர் வென்ற் என்பவர் ஓட்ஸ் நாற்றுக்களில் இப்பொருளைப் பிரித்தறிந்தார். அடுத்த பத்தாண்டுக்குள் அது வேரையும் தூண்டுவது தெளிவாயிற்று. இன்று கடைகளில் விற்கப்படும் வேர்த்தூண்டற் பொடிகள் பலவற்றில் அதனையொத்த செயற்கைப் பொருளே உள்ளது. பொடி கைவசம் இல்லையாயினும் செவ்வரத்தை, குரோட்டன் போன்றவை தாமாகவே வேர்விடும்.

குளிர்நாட்டு நூல்களைப் பார்த்துத் தோட்டஞ் செய்வோர் இரண்டு இடங்களில் இடர்ப்படுவர். ஒன்று, அந்நூல்கள் பாத்திக்கு அடியிலிருந்து வெப்பம் ஊட்டுமாறு கூறும். இங்கோ மண் ஏற்கனவே சூடானது. அதனைத் தணிப்பதே தேவை. மற்றொன்று, சுவரின் வடபுறத்தில் நிழல் உண்டு, அங்கே நடுக என அவை கூறும். யாழ்ப்பாணத்தில் சித்திரை தொடக்கம் முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் தலையுச்சிக்கு வடக்கே நிற்பதால், அக்காலத்தில் வடபுறச் சுவரே வெயில் காயும். சோளகக் காற்றும் அம்மாதங்களில் வீசி இலையை உலர்த்தும். காலை இளவெயில் பட்டுப் பிற்பகலில் நிழல் விழும் கிழக்குப்புறமே எக்காலத்துக்கும் ஏற்றது. அத்தகைய இடம் வாய்க்காவிடின் மரநிழலிலோ கிடுகுப் பந்தரின் கீழோ பாத்தி அமைக்கலாம்.

வெட்டுவதற்குப் புரட்டாதி இறுதியும் ஐப்பசித் தொடக்கமும் சிறந்த காலம். கடுமழை பெய்யும் கார்த்திகையிலோ கருகுவதைக் காட்டிலும் அழுகுவதே பேரிடர். அப்பொழுது பாத்தி உயர்ந்திருத்தல் வேண்டும். இலைகள் நீர் நிறைந்திருக்கும் விடியற்காலையில் வெட்டுக. இளந்தளிரும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய, பூவும் மொட்டும் இல்லாத கொப்பே தகும். ஆறு அல்லது எட்டு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரிய கத்தியால் அடிமுனையைச் சரிவாக வெட்டுக. மேல்முனையை நேராக வெட்டினால் அடியும் தலையும் மாறிப்போகா. நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவை பெரியனவாயின் பாதியாக நறுக்குக. இலை முற்றுமின்றி இருந்தால் உணவும் ஒட்சினும் குறையும். மிகுதியாக இருந்தால் நீர் விரைந்து தீரும். வெட்டியவற்றை உடன் நடவியலாவிடின் ஈரச் சாக்கிற் சுற்றி நிழலில் வைக்க வேண்டும்.

அலரிக்கும் செவ்வரத்தைக்கும் பொருந்தும் முறை கோயில் முற்றத்து ஈழத்தலரிக்குப் பொருந்தாது. சதைப்பற்றான அதன் கொப்பிலிருந்து பால் வடியும். அதனை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி வெட்டுவாய் காய்ந்த பின்னரே நடுதல் வேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும்.

நடுவதற்குப் பசளையிட்ட மண் வேண்டியதில்லை. அதில் அழுகல் நோய்கள் எளிதிற் பற்றும். கழுவிய ஆற்றுமணலும் தும்புச்சோறும் சமபங்கு கலந்தால் நீரும் நிற்கும், காற்றும் புகும். கடல்மணலில் உப்பு இருப்பதால் அதனைத் தவிர்க்கவும். ஒரு குச்சியால் துளையிட்டு, துண்டின் பாதி நீளம் புதையுமாறு வைத்து, மண்ணை இறுக்குக. அதன்மேல் வளைந்த ஈர்க்குகளை நாட்டிப் பொலித்தீன் உறையால் மூடினால் உள்ளே ஈரக்காற்றுத் தங்கும். உறையிட்ட சாடி நேர்வெயிலில் நிற்குமாயின் ஒரு நண்பகலிலேயே துண்டுகள் வெந்துபோம். உறையும் நிழலும் இணைந்தே இருத்தல் வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் உறையைத் திறந்து காற்றுப் புகவிடுவதும் நன்று.

இதன்பின் வேண்டுவது பொறுமை. துளிர் கண்டதும் வேர் வந்துவிட்டதென எண்ணிப் பிடுங்கிப் பார்ப்பது பலரின் வழக்கம். கொப்பிலுள்ள சேமிப்பைக் கொண்டே துளிர் வரக்கூடும். வேர் அதற்குப் பின்னும் தோன்றலாம். பிடுங்கும்பொழுது நூலிழை போன்ற புதுவேர்கள் அறுந்துவிடும். செவ்வரத்தைக்கு நான்கு முதல் ஆறு வாரமும், போகன்விலாவுக்கு இரண்டு மாதமளவும் பொறுத்திருக்க வேண்டும். மெல்ல இழுக்கும்பொழுது துண்டு எதிர்த்து நிற்குமாயின் வேர் பிடித்ததென அறியலாம். பின்னர் உறையைச் சிறிது சிறிதாக நீக்கி வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும்.

வெட்டுத்துண்டிற் பிறந்த செடி தாய்ச்செடியின் பண்புகளை அப்படியே உடையது. விதைத் தேயிலை ஒன்றுபோல் ஒன்று இராமையால், மலைநாட்டிலும் ஓரிலைத் துண்டுகளைக் கொண்டு நாற்றுமேடைகள் அமைக்கும் முறை பரவிற்று. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தெரிந்தெடுத்த செடிகள் இவ்வாறே பெருகின. ஆயினும் தாயின் நலத்தோடு நோயும் உடன்வரும். இலங்கையின் பெயரையே தாங்கிய மரவள்ளித் தேமல் வைரசு 2015இல் கம்போடியாவில் காணப்பட்டு, அயல்நாடுகளுக்கும் பரவியது. வெள்ளை ஈ அதனைப் பரப்புமாயினும், நோயுற்ற தடிகளே அதனைத் தொலைதூரம் கொண்டுசெல்பவை. இலையில் தேமலோ சுருக்கமோ உள்ள செடியிலிருந்து, அது எத்துணை அழகாகப் பூப்பினும், துண்டு எடுத்தல் ஆகாது.

அடுக்கு மல்லிகையும் அடுக்குச் செவ்வரத்தையும் விதை தருவது அரிது. அத்தகைய செடி ஒரு வளவில் மட்டும் இருந்து ஒரு கோடையிற் பட்டுப்போனால், அவ்வூரில் அதன் மரபு அற்றுவிடும். பத்து வீடுகளில் அதன் கொப்பு வேரூன்றியிருந்தால் ஒரு கோடையால் அதனை அழிக்கவியலாது. ஆதலின் வேர்பிடித்த துண்டுகளில் ஒன்றிரண்டை அயலாருக்கு ஈதல், கொடுப்பவர் தம் செடியைத் தாமே காத்துக்கொள்ளும் வழியுமாகும்.