தன்பதிப்புப் படநூல்களின் புனைவும் பாயிர மரபும்: பீட்ரிக்ஸ் பாட்டரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

படைப்பாளர் தம் பொருட்செலவில் தாமே அச்சிட்டு வெளியிடும் படநூல் தன்பதிப்புப் படநூல் ஆகும். இத்தகைய நூலின் அளவு, அட்டை, ஒட்டுத்தாள் முதலிய ஒப்பனைக் கூறுகளும், நூலை அறிமுகப்படுத்தக் கையால் செய்யப்படும் பொம்மை, விளையாட்டு, சிறு கடிதம் முதலிய பொருள்களும் பெரும்பாலும் வணிக உத்திகளாக மட்டுமே நோக்கப்படுகின்றன. இவை நூலின் பொருளோடு இயைந்த பாயிர உறுப்புகளாகவும் செயற்பட வல்லவை என்பதை ஆங்கிலச் சிறார் படநூலாசிரியர் பீட்ரிக்ஸ் பாட்டரின் (1866–1943) நூல்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. நன்னூல் பாயிரவியலின் கருத்துகள் ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: தன்பதிப்பு, படநூல், பாயிரம், புறவுரை, ஒட்டுத்தாள், கைவினை

முன்னுரை

ஒரு நூலை வாசகர் கையில் எடுத்தவுடன் முதலில் சந்திப்பது அதன் சொற்களை அன்று. அதன் அட்டையை, அளவை, தாளை. எழுத்தறியாக் குழந்தைக்கு உரிய படநூலில் இச்சந்திப்பே வாசிப்பின் முதற்படி. எனினும் நம் ஆய்வுகளும் நூலடைவுகளும் ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. கட்டுரையாளர் தம் ஆய்வுக்காக ஒரு நூலகத்தில் பார்த்த பழைய சிறார் நூல்கள் பலவற்றில் மூல அட்டை நீக்கப்பட்டு ஒரே நிறத் தடித்த அட்டை கட்டப்பட்டிருந்தது. நூலைக் காக்கச் செய்த அப்பணியே நூலின் முகத்தை அழித்திருந்தது. அவ்விழப்பு எத்தகையது என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பாயிரம் என்னும் கருவி

பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனெத் 1987இல் வெளியிட்ட நூலில், பனுவலைச் சூழ்ந்து அதனை வாசகரிடம் சேர்ப்பிக்கும் தலைப்பு, முன்னுரை, அட்டைக் குறிப்பு முதலானவற்றைத் துணைப்பனுவல் என வகுத்தார். அவற்றுள் நூலோடு ஒன்றியிருப்பவை ஒரு வகை. நூலுக்கு வெளியே நிற்பவை மற்றொரு வகை. ஆயினும் ஓவியங்களைத் தாம் விரிவாக ஆராயவில்லை என்பதை அவரே அந்நூலின் நிறைவில் ஒப்புக்கொள்கிறார். படநூலாய்வுக்கு அவ்விடைவெளி பெரிது.

13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவரின் நன்னூல், பாயிரத்திற்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என ஏழு பெயர்களைத் தருகிறது. இப்பெயர்களே ஒரு கோட்பாட்டைத் தம்முள் கொண்டுள்ளன. முகவுரையும் நூன்முகமும் இடம் பற்றியவை. அணிந்துரையும் புனைந்துரையும் ஒப்பனை பற்றியவை. நூல் நுதலிய பொருளுக்குப் புறம்பானதைச் சொல்லுதலால் புறவுரை. நூலில் இல்லாததைத் தந்து சொல்லுதலால் தந்துரை. மாடத்திற்கு ஓவியமும், மாநகருக்குக் கோபுரமும், மகளிர்க்கு அணிகலனும் போன்றது அணிந்துரை என்ற உவமையும் அப்பாயிரப் பகுதியிலேயே இடம்பெறுகிறது. மூன்று உவமைகளும் கட்புலனாகும் பொருள்களாக அமைந்திருப்பது கருதத்தக்கது. சொல்லால் ஆகிய பாயிரத்தை விளக்கப் பொருளால் ஆகிய ஒப்பனை துணைக்கு அழைக்கப்படுகிறது. அத்தொடர்பைத் திருப்பிப் பார்ப்பின், பொருளால் ஆகிய ஒப்பனையையும் பாயிரமாக வாசிக்க இயலும்.

இவ்விடத்து மற்றொரு விதியும் நோக்கத்தக்கது. எத்துணைச் சிறந்த நூலைச் செய்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்கிறது நன்னூல். ஆதலின் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் ஆசிரியரின் ஆசான், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே. ஆயினும் தம் ஆற்றலை உணராதார் இடையே நிற்கும்பொழுது உள்ளிட்ட சில இடங்களில் தற்புகழ்ச்சியும் தகும் என விலக்கு அளிக்கப்படுகிறது. பதிப்பகத்தின் துணையும் பரிந்துரைப்போரும் இல்லாத தன்பதிப்பாளர் எப்பொழுதும் அவ்விலக்கிற்குரிய இடத்திலேயே நிற்கிறார். தம்மைப் புகழாமல் தம் நூலை அறிமுகப்படுத்துவது எங்ஙனம் என்பதே அவர்தம் சிக்கல்.

கடிதத்திலிருந்து நூலுக்கு

பாட்டரின் கைவினை நூலுக்கு முற்பட்டது. 1890இல் அவர் தம் முயலை மாதிரியாகக் கொண்டு வரைந்த ஆறு வாழ்த்து அட்டை ஓவியங்களை ஒரு நிறுவனம் ஆறு பவுனுக்கு வாங்கியது. 1893 செப்டம்பர் 4 அன்று, நோயுற்றிருந்த நோயல் மூர் என்னும் ஐந்து வயதுச் சிறுவனுக்குப் படங்களோடு எழுதிய கடிதமே பின்னர்ப் ‘பீட்டர் முயலின் கதை’ ஆயிற்று. கடிதத்தைத் திரும்பப் பெற்று, விரித்தெழுதி, அவர் அனுப்பிய கையெழுத்துப்படியை ஆறு பதிப்பகங்களேனும் மறுத்தன. நூலின் புறவடிவம் பற்றிய கருத்து வேறுபாடு அம்மறுப்புகளில் பங்கு கொண்டிருந்தது. சிறு கைகளுக்கு அடங்கும் சிறிய நூலாகவும், எளியோரும் வாங்கத்தக்க விலையிலும் இருத்தல் வேண்டும் என்பதில் பாட்டர் உறுதியாக இருந்தார்.

1901 டிசம்பரில் தம் செலவில் 250 படிகளை அச்சிட்டார். படங்கள் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். முகப்புப் படம் மட்டும் மூவண்ண அச்சு. வண்ணத்தைத் தவிர்த்தமைக்குச் செலவு ஒரு காரணம். முயலின் பழுப்பும் தோட்டத்தின் பச்சையுமே மிகுதியாக வரும் படங்களுக்கு வண்ணம் சுவை கூட்டாது என்ற கணிப்பு மற்றொன்று. முதற்படிகள் விரைவில் தீர்ந்தமையால் 1902 பிப்ரவரியில் மேலும் 200 படிகள் அச்சாயின. முதல் அச்சின் தட்டை முதுகு இரண்டாம் அச்சில் வளைந்த முதுகாக மாறியது. இன்று அவ்விரு அச்சுகளையும் பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. நூலின் உடலே அதன் வரலாற்றுச் சான்றாக நிற்பதற்கு இது நேரான எடுத்துக்காட்டு. மூல அட்டையை நீக்கிக் கட்டினால் இச்சான்று மறையும்.

ஃபிரடெரிக் வார்ன் பதிப்பகம் படங்கள் அனைத்தும் வண்ணத்தில் அமைய வேண்டும் என்ற ஏற்பாட்டோடு 1902 அக்டோபரில் அந்நூலை வெளியிட்டது. சிறிய அளவு மட்டும் மாறவில்லை. அவ்வகையில் தன்பதிப்பு ஒரு மாதிரிப்படியாகவும் பயன்பட்டது எனலாம். ஏட்டளவில் வாதிட்டு நிலைநாட்ட இயலாத வடிவத்தை அது கையில் தந்து காட்டியது.

ஒட்டுத்தாள்: ஒப்பனைக்கு ஒரு விலை

அட்டையின் உட்புறத்தையும் நூலின் முதல் தாளையும் இணைப்பது ஒட்டுத்தாள். இதனை ஓவியத்தால் நிரப்பும் திட்டத்தைப் பதிப்பகம் 1903இல் முன்வைத்தபொழுது பாட்டருக்கு அதில் விருப்பமில்லை. அட்டைக்கும் உள்ளடக்கத்திற்கும் இடையே கண் இளைப்பாற வெற்றிடம் வேண்டும்; சட்டமிட்ட ஓவியத்தைச் சூழ்ந்துள்ள வெறுந்தாள் போல அது அமைதல் நன்று என்பது அவர் கருத்து. ஆயினும் திட்டம் நிறைவேறியது. ஓவியங்களை அவரே வரைந்தார். அவருடைய கதைமாந்தர் அத்தாளில் வரிசையாகத் தோன்றுகின்றனர்; சிலர் தம் கையில் நூல் ஏந்தியுள்ளனர். புதிய நூல்கள் வரவரப் புதிய மாந்தரும் சேர்ந்தனர். ஒரு கதையை வாசித்த குழந்தை அடுத்த கதையின் மாந்தரை இங்கே சந்திக்கிறது. விற்பனைப் பட்டியல் செய்யும் பணியை ஓவியம் செய்கிறது; தற்புகழ்ச்சி எங்கும் இல்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒட்டுத்தாள் ஓவியங்களுக்கு இடம் தருவதற்காகப் ‘பீட்டர் முயலின் கதை’யிலிருந்து நான்கு படங்கள் நீக்கப்பட்டன. அணி நூலைச் சிறப்பிக்கும் என்ற உவமைக்கு இங்கே ஓர் எல்லை புலப்படுகிறது. ஒப்பனை நூலின் இடத்தையே எடுத்துக்கொள்ளும்பொழுது அது அணியா, சுமையா என்று வினவுதல் வேண்டும். குறைந்த பக்கங்களில் நூல் செய்யும் தன்பதிப்பாளர்க்கு இவ்வினா இன்னும் கூர்மையானது.

தையலும் கதையும்

‘குளோஸ்டர் தையற்காரர்’ கதையையும் பாட்டர் 1902 டிசம்பரில் முதலில் தாமே 500 படிகள் அச்சிட்டார். கதையில் எலிகள் தைத்து முடிக்கும் ஆடைகளின் பூவேலைக்கு மாதிரி, இலண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்த 18ஆம் நூற்றாண்டு ஆடைகள். அவர் அவற்றை நேரில் பார்த்து வரைந்தார். இங்கு ஒப்பனை கதையின் புறத்தே ஒட்டப்பட்டதன்று. கைவேலையே கதையின் பொருள். அச்சுத்துணித் தொழில் நடத்திய எட்மண்ட் பாட்டரின் பேத்தி அவர் என்பதும், துணியின் மீது அவருக்கிருந்த நுண்ணிய கவனத்தை விளங்கிக்கொள்ள உதவும்.

நூலுக்குப் புறத்தே நிற்பவை

பீட்டர் முயல் பொம்மையைப் பாட்டரே துணியில் வெட்டித் தைத்துப் பார்த்தார். முதலில் வடிவம் சரிவரவில்லை, மீண்டும் வெட்டினார், மீசைக்குத் தூரிகை ஒன்றிலிருந்து மயிர்களைப் பிடுங்கிச் செருகினார். 1903 டிசம்பர் 28 அன்று அவ்வடிவத்தை இலண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். இப்பதிவின் தேவையை உணர்த்தும் நிகழ்வு அமெரிக்காவில் நேர்ந்தது. அந்நாட்டில் பீட்டர் நூலுக்கான பதிப்புரிமையைப் பதிப்பகம் பெறத் தவறியமையால், அங்கு உரிமையற்ற பதிப்புகள் தடையின்றி வெளிவந்தன; ஆசிரியருக்கு அவற்றால் வருவாய் இல்லை. கையால் தைத்த பொம்மையைப் பதிவு செய்தவரின் நூலே பிறர் கைப்பொருளானது.

1904இல் பீட்டரைத் தோட்டக்காரர் துரத்தும் பலகை விளையாட்டு ஒன்றையும் அவர் வடிவமைத்தார். கதையின் நிகழ்ச்சிப்போக்கே அதன் ஆட்டவிதி. சுவர்த்தாள் ஓவியங்களும், குழந்தைகள் தாமே வண்ணம் தீட்டும் நூலும் பின்னர் வந்தன.

இவற்றுள் மிகச் சிறியவையும் விற்பனைக்கு அல்லாதவையும் அவர் குழந்தைகளுக்கு எழுதிய குறுங்கடிதங்களே. கதைமாந்தர் ஒருவர்க்கொருவர் எழுதுவதாக அமைந்த அவை, மடித்தால் தாமே உறையாகும்; அஞ்சல்தலையும் வரையப்பட்டிருக்கும். தன் வாலை இழந்த அணில் நட்கின் அதனைத் திருப்பித் தருமாறு ஆந்தைக்கு எழுதுகிறது. நூலில் இல்லாத பகுதியை இக்கடிதம் தருகிறது. தந்துரை என்னும் பெயர் இதற்கு முற்றும் பொருந்தும்.

தோல்வி தரும் பாடம்

எல்லா முயற்சியும் வென்றதில்லை. 1906இல் மிக இளங்குழந்தைகளுக்காக இரு கதைகள் நீண்ட தாளை மடித்துச் செருகும் வடிவில் வெளிவந்தன. விரித்தால் கதை முழுவதும் ஒரே வரிசையில் தெரியும். கடைகளில் அவை விரிந்து கலைந்தன, விற்பனையாளர் விரும்பவில்லை. பின்னர் அவை வழக்கமான நூல் வடிவிலேயே வெளியிடப்பட்டன. புதுமை குழந்தையின் கைக்கு மட்டுமன்றிக் கடையின் அடுக்கிற்கும் பொருந்தல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மதிப்பீட்டு அளவைகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து தன்பதிப்புப் படநூலின் ஒப்பனையையும் கைவினையையும் மதிப்பிட மூன்று அளவைகளைப் பெறலாம்.

1. இயைபு: பொருள் கதையிலிருந்து பிறந்ததா? நட்கினின் கடிதம் பிறிதொரு நூலுக்குப் பொருந்தாது. எந்நூலுக்கும் பொருந்தும் அணி எந்நூலுக்கும் உரியதன்று.

2. அளவு: ஒப்பனை நூலின் இடத்தையும் விலையையும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? நான்கு படங்களின் நீக்கம் இவ்வளவைக்குச் சான்று.

3. உரிமை: கைவினைப் பொருளின் வடிவமும் நூலின் உரிமையும் படைப்பாளரிடம் நிலைக்கின்றனவா?

நிறைவுரை

தன்பதிப்பாளர்க்குச் சிறப்புப்பாயிரம் பாட ஆசானோ உடன்கற்றவரோ வாய்க்காத நிலையில், அவர் கையால் செய்த பொருளே அப்பணியை மேற்கொள்கிறது. பொம்மை தன்னைச் செய்தவரைப் புகழ்வதில்லை; கதையைச் சொல்லத் தூண்டுகிறது. தற்புகழ்ச்சிக்கு நன்னூல் இட்ட தடையை மீறாமலும், அறியாதார் இடையே நிற்போர்க்கு அது அளித்த விலக்கைக் கைக்கொண்டும் தன்பதிப்பாளர் நடக்கும் வழி இது.

இதிலிருந்து ஒரு கடமையும் எழுகிறது. பாட்டரின் கடிதங்களும் பொம்மை வடிவமும் பாதுகாக்கப்பட்டமையால்தான் இவ்வாய்வு இயலுவதாயிற்று. தமிழில் இன்று தம் செலவில் படநூல் செய்து, அதனோடு நூற்குறியும் துணிப்பொம்மையும் சேர்த்துப் புத்தகக் காட்சிகளில் தருவோர் உள்ளனர். நூல் நூலகம் சேரலாம்; உடன் வந்தவை சேர்வதில்லை. நூலடைவுகளில் அட்டை, ஒட்டுத்தாள், இணைப்புப் பொருள் ஆகியவற்றிற்கு ஒரு குறிப்பு வரியேனும் ஒதுக்குதலும், மறுகட்டமைப்பின்போது மூல அட்டையை உள்ளே வைத்துக் கட்டுதலும் பெருஞ்செலவு வேண்டாத பணிகள். அவற்றைச் செய்யாவிடின், வருங்கால ஆய்வாளர்க்குப் பாயிரம் இழந்த நூல்களே எஞ்சும்.