டிபக்வயர்

டிபக்வயர் என்பது ஏவிஆர் குடும்பத்தின் சிறிய நுண்கட்டுப்படுத்திகளில் ஓடும் நிரலை, சில்லு சுற்றில் பொருத்தப்பட்டிருக்கும்போதே நிறுத்திச் சோதிக்க உதவும் ஒற்றைக் கம்பி இடைமுகம் ஆகும். இதனை அட்மெல் நிறுவனம் உருவாக்கியது. அந்நிறுவனத்தை 2016ஆம் ஆண்டில் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள அட்மேகா328பி, இவ்விடைமுகம் கொண்ட சில்லுகளுள் பரவலாக அறியப்பட்டதாகும்.

டிபக்வயருக்கெனத் தனி முனை கிடையாது. ரீசெட் எனப்படும் மீளமைப்பு முனையே இதற்கும் பயன்படுகிறது. இணைப்பில் தோன்றும் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்த இரட்டைப் பயன்பாடே காரணமாகும்.

செயற்படும் முறை

வழுநீக்கிக் கருவி முதலில் எஸ்பிஐ முறையில் சில்லுடன் தொடர்பு கொள்கிறது. பின்னர் டிடபிள்யூஇஎன் என்னும் ஃபியூஸ் பிட்டை இயக்குகிறது. ஃபியூஸ் பிட்டுகள் மின்சாரம் நின்றாலும் அழியாத அமைப்புப் பிட்டுகள் ஆகும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்ததும் மீளமைப்பு முனை டிபக்வயர் தடமாக மாறுகிறது. அதன்பின் எஸ்பிஐ நிரலேற்றமும் புற மீளமைப்பும் செயற்படுவதில்லை.

இத்தடத்தில் சில்லும் கருவியும் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்கின்றன. அதனை மேலே கொண்டுவருவது மின்தடையத்தின் வேலை. தடத்தில் வேறு ஏதேனும் இணைந்திருந்தால் துடிப்புகள் சிதைந்துவிடும்.

இணைப்புக் கிடைக்காமைக்கான காரணங்கள்

பின்வரும் வரிசையில் சோதிப்பது நன்று.

1. மின்னழுத்தம்: அட்மெல்-ஐஸ் போன்ற கருவி சில்லுக்கு மின்சாரம் வழங்குவதில்லை, சில்லின் மின்னழுத்தத்தை அளக்க மட்டுமே செய்கிறது. எனவே பலகைக்குத் தனி மின்வழங்கல் வேண்டும். ஆறு முனை இணைப்பியில் 2ஆம் முனை மின்னழுத்தத்துக்கும், 5ஆம் முனை மீளமைப்புக்கும், 6ஆம் முனை தரைக்கும் உரியவை. டிபக்வயருக்கு இம்மூன்றும் போதும். ஆனால் முதலில் எஸ்பிஐ வழியாக நுழைவதற்கு ஆறும் தேவை.

2. வடம்: அட்மெல்-ஐஸ் கருவியில் ஏவிஆர், சாம் எனப் பெயரிட்ட இரு துளைகள் உள்ளன. ஏவிஆர் சில்லுக்குரிய வடத்தைச் சாம் துளையில் செருகினால் இணைப்புக் கிடைக்காது.

3. அடையாள எண்: ஒவ்வொரு சில்லிலும் மூன்று பைட்டு அடையாள எண் உண்டு. அட்மேகா328பி சில்லுக்கு அது பதின்ம எண்களில் 30, 149, 15 ஆகும். மூன்றும் 0 என்றோ 255 என்றோ வந்தால் சில்லு பதிலளிக்கவில்லை என்று பொருள். இறுதி எண் 20 என வந்தால் பலகையில் இருப்பது அட்மேகா328 ஆகும். மென்பொருளில் சில்லின் பெயரை மாற்றினால் போதும்.

4. கடிகாரம்: அட்மேகா328பி தொழிற்சாலையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் அமைப்புடன் வருகிறது. எஸ்பிஐ கடிகாரம் சில்லின் கடிகாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். ஆகவே புதிய சில்லுக்கு 250 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைந்த வேகத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

5. மீளமைப்புத் தடம்: அடையாள எண் சரியாக வந்தும் வழுநீக்கம் தொடங்காவிடில் இத்தடத்தை ஆராய வேண்டும். இங்குள்ள மின்தடையம் 10 முதல் 20 கிலோஓம் வரை இருக்கலாம். மீளமைப்பு முனையை நேரடியாக மின்வழங்கலுடன் இணைத்தல் கூடாது. மின்தேக்கிகளையும் பிற மீளமைப்புச் சுற்றுகளையும் நீக்க வேண்டும். 10 கிலோஓம் தடையமும் 100 நானோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் நேர மாறிலி 1 மில்லிவினாடி ஆகிறது. விரைவான துடிப்புகள் இதில் மழுங்கிவிடும். ஊனோ பலகையில் இத்தகைய மின்தேக்கி உள்ளது. ரீசெட்-ஈஎன் எனக் குறித்த செப்புத் தடத்தை வெட்டினால் அது விலகும். பின்னர் பற்றவைத்து மீண்டும் இணைக்கலாம்.

6. பூட்டுப் பிட்டுகள்: இவை இயக்கப்பட்டிருந்தால் டிபக்வயர் செயற்படாது. சில்லு முழுவதையும் அழித்தால் பூட்டு நீங்கும். உள்ளிருக்கும் நிரலும் அழியும்.

செயலிழந்ததாகத் தோன்றும் சில்லு

பதிலளிக்காத சில்லு பழுதடைந்தது எனக் கருதி எறியப்படுவதுண்டு. பல வேளைகளில் அது நல்ல நிலையிலேயே இருக்கும். மூன்று நிலைகள் குறிப்பிடத்தக்கவை.

* டிடபிள்யூஇஎன் பிட்டு இயக்கத்தில் விடப்பட்டிருந்தால் எஸ்பிஐ நிரலேற்றி சில்லைக் காணாது. வழுநீக்கியால் மீண்டும் இணைந்து, டிபக்வயரை முடக்கும் கட்டளையைத் தந்து, எஸ்பிஐ வழியாக அப்பிட்டை அணைக்க வேண்டும். கட்டளையின் விளைவு தற்காலிகமானது. பிட்டை அணைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தினால் சில்லு பழைய நிலைக்கே திரும்பும்.
* படிகம் இல்லாத பலகையில் புறப் படிகத்தைத் தெரிவு செய்துவிட்டால் கடிகாரம் ஓடாது. உரிய படிகத்தைப் பொருத்தினால் சில்லு பதிலளிக்கும்.
* மீளமைப்பு முனையை முடக்கும் ஆர்எஸ்டிடிஐஎஸ்பிஎல் பிட்டு, டிடபிள்யூஇஎன் பிட்டுக்கு அடுத்ததாக அதே பைட்டில் உள்ளது. தவறி இதனை இயக்கினால் எஸ்பிஐ, டிபக்வயர் இரண்டும் இயலாமற்போகும். மீளமைப்பு முனைக்கு 12 வோல்ட் தரும் உயர் மின்னழுத்த நிரலேற்றியே இதனைச் சரிசெய்யும்.

எல்லைகள்

நிறுத்தப் புள்ளிகளை இடும்போது நிரல் நினைவகம் மீண்டும் எழுதப்படுகிறது. அதன் உறுதியளிக்கப்பட்ட ஆயுள் 10,000 எழுத்துச் சுற்றுகளாகும். எனவே வழுநீக்கத்துக்குப் பயன்படுத்திய சில்லை விற்பனைப் பொருளில் வைத்தல் கூடாது. டிடபிள்யூஇஎன் பிட்டு இயக்கத்தில் இருக்கும்போது உறக்க நிலையிலும் கடிகாரத்தின் சில பகுதிகள் ஓடுவதால் மின்செலவு கூடும். மின்கலத்தில் இயங்கும் கருவிகளில் வேலை முடிந்ததும் அதனை அணைத்தல் இன்றியமையாதது.

2016ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய ஏவிஆர் சில்லுகளில் டிபக்வயருக்குப் பதிலாக யூபிடிஐ என்னும் வேறொரு ஒற்றைக் கம்பி இடைமுகம் இடம்பெற்றது. நிரலேற்றம், வழுநீக்கம் ஆகிய இரண்டும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன.