பத்திரம் பதிந்துவிட்டால் மனை நம்முடையதா?

மனையில் பணம் போட வருபவர்கள் ‘ஐந்து வருடத்தில் என்ன விலைக்குப் போகும்?’ என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால், விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பதிவு அலுவலகம் அதைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே.கோபி வழக்கில், விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆகவே அந்தப் பொறுப்பு வாங்குபவருடையதுதான்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். முப்பது ஆண்டுகளுக்காவது பாருங்கள். ஆனால் அதில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். பதிவு செய்யாத உயில் தெரியாது. கையெழுத்துப் போடாத மகளின் பங்கும் தெரியாது. பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் முளைக்கின்றன. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் அப்போது மணமாகாத மகள்களுக்குச் சமபங்கு கொடுத்தது. 2005இல் மத்திய சட்டத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட கிரயப் பத்திரத்தை, அக்கா தங்கைகள் பிற்பாடு நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையின் வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். பட்டா அவசியம்தான், ஆனால் அது வருவாய்த்துறை ஆவணம். அதை மட்டும் வைத்து உரிமையை நிலைநாட்ட முடியாது.

பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் விசாரியுங்கள். அவர் இறந்திருந்தால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது.

மனைப்பிரிவுக்கு டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம் வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, எத்தனையோ குடும்பங்கள் விற்க வழியின்றித் தவித்தன. பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும் புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண்ணையும் சரிபாருங்கள்.

இனி லாபக் கணக்கு. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. தரகும் வக்கீல் செலவும் தனி. விலை ஏறக்குறைய பத்து சதவீதம் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். 24 மாதங்களுக்குள் விற்றால் லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அந்த விகிதத்திலேயே வரிக்கு உள்ளாகும். அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்தை மனையில் முடக்காதீர்கள்.

மனை போட்டவரே ‘லீகல் பார்த்தாச்சு’ என்று ஒரு கருத்துரையை நீட்டுவார். அதை வாங்கி வைத்துக்கொண்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் சொந்த வக்கீலிடம் ஆவணங்களைக் காட்டுங்கள்.