கோச்சை மாற்றினால் டீம் ஜெயித்துவிடுமா?

ஒரு டீம் தொடர்ந்து தோற்றால் முதலில் உருளுவது கோச்சின் தலைதான். அது நியாயமா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கதையை வைத்துச் சொல்கிறேன். என்பிஏ என்கிற அவர்களுடைய தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் இந்தக் கேள்வியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க இதைவிடத் தோதான கதை கிடையாது.

2023 ஜூனில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், மான்ட்டி வில்லியம்ஸைக் கோச்சாக அமர்த்தியது. ஆறு வருட ஒப்பந்தம், சம்பளம் மொத்தம் 7.85 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஃபீனிக்ஸ் சன்ஸை 2021இல் இறுதிச் சுற்றுவரை கூட்டிப்போனவர், அடுத்த வருடமே லீகின் சிறந்த கோச் விருது வாங்கியவர். பிஸ்டன்ஸோ அதற்கு முந்தைய சீசனில் 82 ஆட்டத்தில் 17தான் ஜெயித்திருந்தது. இனி ஏறுமுகம்தான் என்று ஊரே நம்பியது.

முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. அதற்கப்புறம் வரிசையாக 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் இத்தனை ஆட்டம் தொடர்ந்து தோற்ற டீம் என்பிஏவில் அதற்கு முன் இல்லை. 27ஆவது தோல்வியன்று டீமின் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாம் தனி ஆளாக 41 புள்ளி எடுத்தார், போதவில்லை. 28ஆவது ஆட்டத்தில் பாஸ்டனை அதன் சொந்த அரங்கத்திலேயே பாதி ஆட்டம்வரை பின்தள்ளி வைத்திருந்தார்கள். கடைசியில் கூடுதல் நேரத்தில் கைவிட்டுப்போனது. டிசம்பர் 30ஆம் தேதி டொரான்டோவை இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த நாட்களில் அரங்கத்தில் ரசிகர்கள் எழுப்பிய கோஷம் 'டீமை வித்துட்டுப் போ' என்பது. அது கோச்சுக்கு இல்லை, முதலாளி டாம் கோர்ஸுக்கு. கோளாறு எங்கே தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த டீம் ஏன் தோற்றது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கன்னிங்ஹாமிடம் பந்து இருக்கிறது, தட்டிக்கொண்டு வளையத்தை நோக்கி உள்ளே நுழைகிறார். மற்ற நான்கு பேரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பரவி நிற்கிறார்கள். அந்தக் கோடு வளையத்திலிருந்து ஏழேகால் மீட்டர், மூலைகளில் மட்டும் சற்றுக் குறைவு. வெளியே நிற்பவர் குறி தப்பாமல் போடுகிறவர் என்றால், அவரைக் காவல் காக்கும் எதிரணி ஆள் அவரை விட்டு நகர முடியாது. உள்ளே இடம் திறக்கும். அவர் போட்டால் விழாது என்று தெரிந்துவிட்டால் எதிரணி ஆள் அவரை அப்படியே விட்டுவிட்டு வளையத்தடிக்கு வந்து நின்றுகொள்வார். அப்புறம் கன்னிங்ஹாம் எதிரில் இரண்டு பேர், மூன்று பேர். அந்த வருடம் புதிதாக வந்த ஆசார் தாம்ப்சன் தடுப்பாட்டத்தில் புலி. ஆனால் அவர் போட்ட மூன்று புள்ளி ஷாட்டில் ஐந்தில் ஒன்றுகூட விழவில்லை. நன்றாகப் போடத் தெரிந்த போயான் போக்டனோவிச்சோ காயத்தால் முதல் ஒரு மாதத்துக்கும் மேல் ஆடவே இல்லை. மீதிப் பேரில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிள்ளைகள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அதற்காகக் கோச் மேல் தப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஒவ்வொரு இரவும் கோச் கையில் 240 நிமிடம் இருக்கிறது. அதை யாருக்கு எவ்வளவு, யாரோடு யாரைச் சேர்த்து என்று பிரித்துக் கொடுப்பதுதான் அவர் வேலையில் பெரும்பங்கு. வில்லியம்ஸ் அந்த சீசனின் தொடக்கத்தில் ஜேடன் ஐவி என்கிற துடிப்பான இளைஞரை பெஞ்சில் உட்காரவைத்து, கிலியன் ஹேஸைத் தொடக்க ஐவரில் இறக்கினார். பிப்ரவரியில் அதே ஹேஸை டீம் விடுவித்துவிட்டது. பெஞ்சு ஆட்டக்காரர்கள் ஐந்து பேரையும் மொத்தமாகக் களத்தில் விட்டு, எடுத்த முன்னிலையைத் தொலைத்த இரவுகளும் இருந்தன. இருக்கிற கொஞ்சத்தையும் அவர் சரியாகப் பங்கிடவில்லை என்பது என் கருத்து.

இப்போது முதலாளி இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் 15 பேர். பெரும்பாலான ஒப்பந்தங்களில் சம்பளம் உறுதி செய்யப்பட்டது, ஆளை அனுப்பினாலும் பணம் கொடுத்தாக வேண்டும். இன்னொரு டீமோடு மாற்றிக்கொள்ளலாம் என்றால் இரண்டு பக்கச் சம்பளக் கணக்கும் ஒத்துவர வேண்டும். புதுப் பிள்ளைகளை எடுக்கும் டிராஃப்ட் வருடத்துக்கு ஒரு தடவைதான். ஆனால் கோச் ஒரே ஆள், ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம். ஏதோ செய்தோம் என்று மறுநாள் செய்தியில் காட்டவும் முடியும். கோச்சின் தலை முதலில் உருளுவதற்குக் காரணம் இந்தச் சௌகரியம்தான்.

பிஸ்டன்ஸ் சீசன் நடுவில் கோச்சை மாற்றவில்லை. 14 வெற்றி, 68 தோல்வி என்று சீசன் முடிந்தது. கோடையில் முதலில் மாறியது மேலிடம். ஆட்டக்காரர்களைப் பொறுக்கிச் சேர்த்த டிராய் வீவர் போனார், டிரேஜன் லாங்டன் வந்தார். அதற்குப் பிறகுதான், ஜூனில், ஐந்து வருடம் பாக்கி இருந்த வில்லியம்ஸை அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். கூடவே டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மலிக் பீஸ்லி என்று தூரத்திலிருந்து போடத் தெரிந்த அனுபவசாலிகள் வந்தார்கள். பீஸ்லி மட்டும் அந்த சீசனில் 319 மூன்று புள்ளி ஷாட் போட்டார். உள்ளே இடம் திறந்தது, லீகின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குக் கன்னிங்ஹாம் தேர்வானார். 14 வெற்றி 44 ஆனது.

இதில் கோச்சின் பங்கு எவ்வளவு, ஆட்களின் பங்கு எவ்வளவு? டெட்ராய்ட்டில் இரண்டும் ஒன்றாக நடந்ததால் பிரிக்க முடியாது. பிரித்துப் பார்க்கக் கிளீவ்லாந்துக்குப் போக வேண்டும். பிக்கர்ஸ்டாஃபை 2024 மே மாதம் வேலையைவிட்டு அனுப்பியது அந்த ஊர் டீம்தான், அதுவும் 48 ஆட்டம் ஜெயித்த பிறகு. ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, அடுத்து வந்த கென்னி அட்கின்சன் 64 ஜெயித்தார். ஆள் பலம் ஏற்கெனவே இருந்தது, ஆடும் முறை மாறியதும் வெற்றி கூடியது. பிக்கர்ஸ்டாஃப் மோசமான கோச்சா என்றால் அதுவும் இல்லை. அந்த வருடச் சிறந்த கோச் விருதில் முதலிடம் அட்கின்சனுக்கு, இரண்டாமிடம் பிக்கர்ஸ்டாஃபுக்கு.

பாஸ்டன் இதற்கு நேர் எதிர். 2006–07 சீசனில் அங்கே 18 தொடர் தோல்வி, மொத்தம் 24 வெற்றிதான். கோச் டாக் ரிவர்ஸைத் தூக்கு என்று ஊரே கத்தியது. அங்கே ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த டேனி ஏஞ்ச் அசையவில்லை. கோச்சை அப்படியே வைத்துக்கொண்டு கெவின் கார்னெட்டையும் ரே ஆலனையும் கொண்டுவந்தார். அடுத்த சீசனில் 66 வெற்றி, 2008இல் கோப்பை.

என் தீர்ப்பு இதுதான். டெட்ராய்ட் கோச்சை மாற்றியது சரி. அதைவிடச் சரி, ஆட்களைச் சேர்த்தவரை அதற்கு முன்னாலேயே மாற்றியது. உங்கள் டீம் தோற்றுக்கொண்டிருந்தால், கோச்சை மாற்று என்று குரல் கொடுப்பதற்கு முன் இரண்டு ஆட்டம் பந்தை விட்டுவிட்டு மற்ற நால்வரைப் பாருங்கள். எதிரணி யாரைக் காவல் இல்லாமல் விடுகிறது, அவருக்கு மாற்றாக இறக்க பெஞ்சில் ஆள் இருக்கிறாரா என்று கவனியுங்கள். ஆள் இருந்தும் இறக்காவிட்டால் கோச்சைக் கேளுங்கள், ஆளே இல்லை என்றால் மேலே கேளுங்கள்.